செர்வில்லா ஏறாத லாரி

இஞ்ஞாசியம்மாள் தன் குழம்பில் உப்புப் போடுவதில்லை என்கிற சேதி மேட்டுத்தெருவுக்குத் தெரியவர அதிக நாள் பிடிக்கவில்லை. எதிர்வீட்டுப் பூங்கொடி, இட்லி மாவு அரைத்து விற்கிறவள், ஒரு மத்தியானம் கையில் பாத்திரத்தோடு வந்து நின்றாள். அவள் வீட்டில் குழம்பு இல்லாமல் இல்லை. அடுத்தவர் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரியாத அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அடுப்பு மேடையில் பெரிய சட்டி ஒன்று. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்துவைத்த குழம்பு. இஞ்ஞாசியம்மாள் சட்டிக்குள் கரண்டியை விடுவதற்குள் பூங்கொடி கிண்ணத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டாள்.

"என்ன மைனி, உப்பே இல்ல?"

"மறந்துட்டேன்."

"சட்டிக்குப் போட்டிருக்கீங்க. கிண்ணத்துக்கு மட்டும் மறந்துட்டீங்களாக்கும்?"

இஞ்ஞாசியம்மாள் கிண்ணத்தை எடுத்து மூடிவைத்தாள். பூங்கொடிக்குப் பதில் தேவையும் இல்லை. ரத்தக்கொதிப்பு என்றால் ஜன்னலில் மாத்திரை அட்டை இருக்கும், இல்லை. ஆக, நேர்ச்சை. எதற்காக என்றும் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் காணாமல் போனது ஒன்றே ஒன்றுதான். எந்தப் புனிதருக்கு நேர்ந்திருக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. அது தெரியாமல் மேட்டுத்தெரு பட்ட பாடு கொஞ்சமல்ல.

காணாமல் போனது மகள் ரூபி. கோவில்பட்டியில் கண் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். வாய் ஜாஸ்தி, சிரிப்பும் ஜாஸ்தி. கயத்தாற்றில் இரும்புக் கடை வைத்திருக்கிற வீட்டில் பேசி முடித்து, பாஸ்காத் திருநாள் கழிந்ததும் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். முதல் ஞாயிறு யாரும் தடை சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறுக்கு முந்தின நாள் காலையில், தடை சொல்ல வேண்டியவளே கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கடைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அன்று மத்தியானத்திலிருந்து அவள் போன் அணைந்து கிடந்தது.

எவனோடோ போய்விட்டாள் என்றது தெரு. எவன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொன்னது. சொல்லப்பட்ட பையன்கள் எல்லாரும் ஊரிலேயேதான் இருந்தார்கள். ஒருத்தன் மறுநாள் பூங்கொடியிடம் மாவு வாங்கக்கூட வந்தான்.

ரூபியின் அப்பா ஜான்பீட்டர் ஊர்க் கமிட்டியில் இருக்கிறவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போகிற மனுசன். அன்றைக்கு நடுத்தெருவில் நின்று, கேட்கிறவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சேர்த்து முழங்கினார்.

"எனக்கு மகளுன்னு ஒருத்தி கெடையாது. அவ பேர எவனாச்சும் எடுத்தான், மனுசனா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார். போலீசுக்குப் போகக் கூடாது என்றார். தேடினால் அவமானம், தேடாவிட்டால் கௌரவம் என்று அவருக்கு ஒரு கணக்கு. படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தபடியேதான் இஞ்ஞாசியம்மாள் கணவருக்குச் சோறு போட்டாள்.

போவதற்கு முந்தின இரவு ரூபி அடுக்களையில் வந்து நின்றிருந்தாள். "அம்மா, நீ அப்பாட்ட ஒரு வார்த்த சொல்லேன்" என்றாள். "எல்லாம் போகப் போகச் சரியாப் போகும், போய்ப் படு" என்று இவள் சொல்லிவிட்டாள். இந்த விஷயம் மட்டும் தெருவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் ஒரு மாதத்துக்கு ஓட்டியிருப்பார்கள்.

இஞ்ஞாசியம்மாளின் போன் அதிலிருந்து அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. புது நம்பர் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்து, "ரூபி?" என்பாள். ஒருநாள் கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டது. குரல் சின்னக் குரல். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் அட்டைப் பேச்சை விட்டுவிட்டு, "சாப்பிட்டேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டது.

ஆடி மாதத்தில், சாத்தூர்ப் பக்கம் தண்டவாளத்தோரம் யாரென்று தெரியாத ஒரு பெண் செத்துக் கிடந்ததாகப் பேப்பரில் வந்தது. பூங்கொடி அதை வேலை மெனக்கெட்டுச் சத்தமாக வாசித்தாள். மறுநாள் காலையில் இஞ்ஞாசியம்மாள் உளுந்து விதை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரியில் ஒரு ஊழியர் துணியை விலக்கினார். வேறு யாரோ. வேறு யாரோ பெற்ற பிள்ளை. "உங்களுக்கு உறவாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. சந்தோஷப்பட்டதற்காக அழுதாளா, வேறு எதற்காகவா என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கு ராத்திரிதான் குழம்பைத் தனியாக எடுத்துவைத்தாள்.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். அது ஊரறிந்தது. அதுதான் சிக்கலே. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கெபியில், அந்தச் சின்னக் கல்குகைக் கோயிலில், இஞ்ஞாசியம்மாள் முட்டுப்போட்டால், எதைத் தேடுகிறாள் என்று திரி விற்கிறவளுக்கே தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் ஜான்பீட்டர் காதுக்குப் போய்விடும். கெபி இல்லாத, திருநாள் இல்லாத, கூட்டம் இல்லாத ஒரு புனிதை அவளுக்குத் தேவைப்பட்டாள். அப்படி ஒருத்தியை அவளுக்குத் தெரிந்திருந்தது. பேர் செர்வில்லா.

இதைச் சொல்ல, ஊர்க் கோயிலில் போன வருசம் நடந்த மிக்கேல் சம்மனசு திருவிழாவுக்குப் போக வேண்டும். கோவில்பட்டியில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிற ரூபஸ்தான் வருசா வருசம் நாடகம் எழுதுகிறவன். பேனர் அடித்து மிஞ்சிய துணியின் பின்பக்கத்தில் ரோமாபுரியே வரைந்துவிடுவான். போன வருசம் அவன் போட்டது 'ரோமாபுரிக்குத் தீப்பெட்டி லோடு'. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஏற்றின லாரி ஒன்று, கயத்தாறு தாண்டித் திரும்பக் கூடாத இடத்தில் திரும்பி, கண்ணை மூடித் திறந்தால் ஆதிக் கிறிஸ்தவர்கள் காலத்து ரோமாபுரியில் போய் நிற்கிறது. நிற்கிற அன்றைக்குத்தான் நகரம் பற்றி எரிகிறது. லாரி நிறையத் தீப்பெட்டி. டிரைவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். டிரைவராக நடித்தவர் பேர் கடற்கரை, நிசத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். "எசமான், சரக்குக்குப் பில்லு இருக்கு!" என்று அவர் ரோமப் பட்டாளத்தான் காலில் விழுந்தபோது ஊர் உருண்டு புரண்டது.

டிரைவரைக் கிறிஸ்தவர்கள் சுரங்கக் கல்லறைக்குள் ஒளித்துவைக்கிறார்கள். அங்கே இயேசுவின் சீடர் இராயப்பர் வருகிறார், திருத்தூதர் சின்னப்பர் வருகிறார். இரண்டு பேருக்கும் நடுவில், கையில் விளக்கோடு ஓர் அடிமைப்பெண் நிற்கிறாள். அவள்தான் செர்வில்லா. மொத்த நாடகத்திலும் அவளுக்கு ஒரே ஒரு வசனம். "நீங்க போங்க. பின்னால வாரவங்களுக்கு வழி தெரியணும். நான் விளக்கோட இங்கனயே நிக்கேன்." டிரைவர் தப்பி ஓடுகிறார். பட்டாளத்தான் வருகிற செருப்புச் சத்தம் கேட்கிறது. திரை விழுகிறது. அடுத்த காட்சியில் லாரி கயத்தாற்றில் நிற்கிறது. டிரைவர் மனந்திரும்பிப் பூசைக்குப் போகிறார். சுபம்.

செர்வில்லாவாக நின்றவள் ரூபி. மண்கலயத்துக்குள் தன் போனை வைத்து, டார்ச்சைப் போட்டு, அதன் வாயில் சிவப்புக் காகிதம் ஒட்டி விளக்கு செய்ததும் அவள் யோசனைதான்.

இஞ்ஞாசியம்மாள் அந்த நாடகத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. அசனம் என்கிற பொது விருந்துக்குச் சோறு வடிக்கிற இடத்தில் நின்றபடி மைக்கில் கேட்டதுதான். ஆரம்பத்தில் ரூபஸ், "இது ஆதித் திருச்சபையின் வீர வரலாறு" என்று முழங்கினான். இராயப்பர் நிசம், சின்னப்பர் நிசம், எரிந்த ரோமாபுரி நிசம். லாரி மட்டும் ரூபஸின் சேட்டை என்று அவளாகவே பிரித்துக்கொண்டாள். "ஏட்டி, நீ என்ன வேசம்?" என்று கேட்டதற்கு, "நான் புனிதையாக்கும், கும்பிட்டுக்கோ" என்று ரூபியும் இடுப்பில் கை வைத்துச் சொல்லியிருந்தாள். கும்பிட்டுக்கொண்டாள்.

உப்பில்லாச் சோறு ஆவணி வரைக்கும் ஓடிற்று. மகள் உயிரோடு இருக்கிறாள் என்கிற ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் காதில் விழ வேண்டும். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. விழுந்தால் செர்வில்லம்மாவுக்கு ஒரு சேலை. சேலையை எங்கே கொண்டுபோய்ச் சாத்துவது என்பது மட்டும்தான் குழப்பம். சுரூபம் இல்லை, படமாவது வேண்டாமா? ஆகவே ஒருநாள் ரூபஸின் கடைக்குப் போனாள்.

"வாங்க அத்தை. மாமா அனுப்புனாவளா? கொடியேத்து பேனரா?"

"இல்லய்யா. ஒரு படம் வேணும். சின்னதா, உள்ளங்கைக்குள்ள அடங்குத மாதிரி."

"யாரு படம்?"

கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். "செர்வில்லம்மா."

"அது எந்த ஊரு மாதா?"

"மாதா இல்ல. நீ காட்டுனியே, ரோமாபுரில விளக்கு வச்சிக்கிட்டு நிப்பாவல்லா. அவிய."

ரூபஸ் சிரித்தான். நல்ல சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

"அத்தை, அப்பிடி ஒருத்தி கெடையாது. நானா உண்டாக்குனது."

"லாரி நீ உண்டாக்குனதுன்னு எனக்குத் தெரியாதா? நான் அவியளக் கேக்கேன்."

"அவளையுந்தான்."

"இராயப்பரு?"

"அவரு நிசம்."

"சின்னப்பரு?"

"அவரும் நிசம்."

"அவிய ரெண்டு பேருக்கும் நடுவுலதான அவ நின்னா?"

ரூபஸ் எழுந்தான். மின்விசிறியைக் கூட்டிவைத்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"பொம்பளப் பிள்ளையளுக்கு வேசமே இல்லன்னு ரூபி சண்ட போட்டா. அதான் அவளுக்காக ஒண்ணு எழுதுனேன். அந்தப் பேருகூட அவ வச்சதுதான். கண்ணாடிக் கடையில ஏதோ பிரேம் பேராம்."

ரூபி என்கிற பேரைச் சத்தமாகக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. இஞ்ஞாசியம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இத்தன நாளா நான் யாருகிட்டப் பேசிட்டிருந்தேன்?"

"அத்தை..."

"சரி, போட்டும். பட்டாளத்தான் வந்தானே, அவ என்ன ஆனா?"

"யாரு?"

"அந்தப் பிள்ளதாம்ல. விளக்கோட நின்னவ. லாரி போயிட்டு. இராயப்பரும் போயிட்டாரு. அவள என்ன செஞ்சாங்க?"

"தெரியாது அத்தை. அதோட அவ பார்ட்டு முடிஞ்சிட்டு."

"உனக்குத் தெரியாதா? உண்டாக்குனவன் நீதான?"

"எழுதலையே."

"ஒரு பிள்ளைய இருட்டுக்குள்ள நிப்பாட்டிட்டு, அவ செத்தாளா இருக்காளான்னுகூடப் பாக்காம, நீ பாட்டுக்கு லாரியக் கயத்தாறுக்கு ஓட்டிட்டு வந்துட்டே? சோறு தின்னே? தூங்குனே?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ரூபஸ் சமாளித்திருப்பான். மெதுவாக, வழி கேட்கிற மாதிரிக் கேட்டாள். அதில்தான் அவனுக்கு வேர்த்துவிட்டது.

"நான் என்ன செய்யணும் அத்தை, சொல்லுங்க."

"லாரியத் திருப்பு. போய்க் கூட்டிட்டு வா."

அன்றிலிருந்து ரூபஸ் சரியாக இல்லை. ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை படத்துக்குக் கீழே பெண் பேரைப் போட்டு அடித்து, ரெண்டு வீட்டாரிடமும் ஏச்சு வாங்கினான். திருவிழாவுக்கு எழுதிவைத்திருந்த நாடகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டாம் பாகம் எழுதினான். டிரைவர் மறுபடியும் லாரியைத் திருப்புகிறார். விட்டுவிட்டு வந்த செர்வில்லாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார். கடற்கரைக்கு ஏகச் சந்தோஷம். அவருக்கு இதில் பாட்டு வேறு.

செர்வில்லாவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. எந்த வீட்டிலும் பிள்ளையை விட மாட்டேன் என்றார்கள். "அந்த வேசங் கெட்டினவதான ஓடிட்டா? ராசியில்லாத வேசம்" என்று உபதேசியார் வீட்டுப் பிரேமலதாவே சொன்னாள். பூங்கொடி நான் கட்டுகிறேன் என்று தயாராக இருந்தாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவள் பேசாமல் நிற்பாளா என்கிற கவலையில் ரூபஸ் காதில் விழாதவன் மாதிரி இருந்துவிட்டான்.

கோயில் வாசலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது இஞ்ஞாசியம்மாள் வந்தாள்.

"நான் நிக்கேன்."

கடற்கரை சிரித்துவிட்டார். "மைனி, அவ கொமரிப் பிள்ளலா!"

"நின்னு நின்னு கெழவியாப் போயிட்டான்னு வச்சிக்கிடுங்க" என்றாள்.

யாரும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. ரூபஸ் தாளில் எதையோ அடித்து எழுதினான்.

திரும்பிப் போகிறபோது, மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சுடலைமணியிடம் நின்றாள். கலியாண வீடியோ எடுக்கிறவன் அவன். மும்பைக்கும் திருப்பூருக்கும் துபாய்க்கும் பிழைக்கப் போன ஊர்க்காரர்களுக்காகத் திருவிழாவை யூடியூபில் நேரலையாகப் போடுவதும் அவன்தான். அன்றைக்கு வெளியூரில் இருக்கிற ஊர்ச்சனம் அத்தனையும் போனும் கையுமாகத்தான் இருக்கும்.

"ஏய்யா, நீ போடுத படம் எங்கன இருந்தாலும் தெரியுமா?"

"நெட் இருந்தாப் போதும் பெரியம்ம. அமெரிக்காவுலகூடத் தெரியும்."

"யாரு யாரு பாக்காவன்னு உனக்குத் தெரியுமா?"

"எத்தன பேருன்னு தெரியும். யாருன்னு தெரியாது."

"இங்கன நடக்க நடக்க அங்கன தெரியுமோ?"

"கொஞ்சம் பிந்தும். நீங்க இங்கன தும்முனா, பம்பாய்ல சித்த நேரம் பொறுத்துத்தான் தும்முவீங்க."

தலையாட்டிக்கொண்டு போனாள். நடையில் ஏதோ ஓர் அவசரம் இருந்ததாகப் பூங்கொடி பிற்பாடு சொன்னாள். பிற்பாடு எல்லாரும் எதையாவது கவனித்திருந்தார்கள்.

திருவிழா அன்றும் மழை இல்லை. விதைப்புக்கு உழுதுபோட்ட கரிசல் வெடித்துக் கிடந்தது. சப்பரம் சுற்றிவந்து, சாயங்காலப் பூசை முடிந்து, வெளிச்சம் மங்குகிற நேரம் நாடகம். முன்வரிசையில் சாமியாருக்கு அடுத்த நாற்காலி ஜான்பீட்டருக்கு. வெள்ளை வேட்டி, கமிட்டித் துண்டு. மனைவி வேசம் கட்டியிருக்கிறாள் என்று அவரிடம் சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. எதையும் அடக்கிவைக்காத ஊர், அன்றைக்கு ஒருநாள் வாயை மூடிக்கொண்டது.

லாரி வந்தது. பிளெக்ஸில் செய்த லாரி, உள்ளே நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கடற்கரை பாட்டுப் பாடினார். பாதியில் வரி மறந்து ஹாரன் அடித்துச் சமாளித்தார். கைதட்டல் பறந்தது. திரை விலகியது.

சுரங்கக் கல்லறை. நடுவில் நரைத்த தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கையில் மண்கலய விளக்கோடு இஞ்ஞாசியம்மாள்.

ஜான்பீட்டரின் கை துண்டை இறுக்கிப் பிடித்தது. சாமியார் அவர் தொடையில் மெல்லத் தட்டினார்.

"செர்வில்லா! உன்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். ஏறும்மா, வண்டி கெளம்பப் போகுது" என்றார் கடற்கரை.

அவள் இப்போது ஏற வேண்டும். லாரிப் பக்கவாட்டில் அதற்காகவே ஒரு மரப்படி போட்டிருந்தது. ஏறினதும் பாட்டு, பட்டாசு, திரை. ஒத்திகையில் ஒழுங்காக ஏறினவள்தான்.

அவள் ஏறவில்லை.

"ஏறும்மா" என்றார் கடற்கரை மறுபடியும்.

"நான் வரல."

திரைக்குப் பின்னாலிருந்து ரூபஸின் தலை நீண்டது. "அத்தை, ஏறணும், ஏறணும்" என்று வாயசைத்தான்.

"எனக்குப் பின்னால ஒருத்தி வருவா" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "அவளுக்கு வழி தெரியாது. நான் ஏறிட்டேன்னா அவளுக்கு யாரு விளக்குக் காட்டுவா?"

கடற்கரை அனுபவஸ்தர். "அவிய பின்னால பஸ்ல வருவாவ தாயி, நீ ஏறு" என்றார். ஊர் கொல்லென்று சிரித்தது.

அவள் கடற்கரையைப் பார்க்கவில்லை. ஊரையும் பார்க்கவில்லை. சுடலைமணியின் கேமராவில் மினுங்குகிற சிவப்புப் புள்ளியைப் பார்த்து நின்றாள்.

"பஸ்சுல ஏறித்தான் போனா. நான் ஒரு வார்த்த பேசியிருந்தாப் போயிருக்க மாட்டா. பேசச் சொல்லிக் கேட்டா, நான் பேசல. இப்பம் பேசுதேன். ஓலைய நிப்பாட்டியாச்சு. அந்தக் கயத்தாறு மாப்பிள்ளைக்கு வேற எடத்துல கல்யாணமும் ஆயிட்டு. ஒன்னைய யாரும் கட்டாயப்படுத்த மாட்டாவ. எங்கன இருக்க, யாரு கூட இருக்க, எதுவுங் கேக்க மாட்டேன். இருக்கேன்னு மட்டும் சொல்லு. நீ சொல்லுத வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. பின்வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் வரைக்கும் நின்றுபோயிற்று.

ஜான்பீட்டர் எழுந்துவிட்டார். "ஏட்டி, ஏறு! ஊரு சிரிக்குது."

"யாரும் சிரிக்கலியே" என்றாள் மைக்கில்.

உண்மைதான். யாரும் சிரிக்கவில்லை. ஜான்பீட்டர் திரும்பிப் பார்த்தார். மொத்த ஊரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உட்காரவும் முடியாமல், மேடைக்குப் போகவும் முடியாமல் நின்றார். லாரிக்குள் நின்ற நாலு பேருக்கும் கை வலித்தது. லாரி லேசாக ஒருபக்கம் சாய்ந்தது. ரூபஸ் திரையை இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டினான், திரைக்காரன் இழுக்கவில்லை. பட்டாசைக் கொளுத்தக் காத்திருந்தவனும் ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்திருந்தான்.

அவள் நின்றாள். விளக்கின் சிவப்பு வெளிச்சம் பிளெக்ஸ் சுவரில் ஆடியது. முழங்கால் மடங்கப் பார்த்தது. இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். எதுவும் நடக்கவில்லை. "பாவம், போதும் மைனி" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் அழுதுகொண்டே வந்தது. பூங்கொடி குரல் மாதிரிதான் இருந்தது.

அப்போது விளக்கு அடித்தது.

டார்ச்சுக்காகக் கலயத்துக்குள் வைத்திருந்த அவள் போன்தான். நல்ல சத்தமாக, மைக் வழியாக ஊர் முழுக்க அடித்தது. இஞ்ஞாசியம்மாள் சிவப்புக் காகிதத்தைக் கிழித்துக் கையை உள்ளே விட்டாள். வெள்ளை வெளிச்சம் அவள் முகத்தில் பாய்ந்தது. புது நம்பர்.

"ரூபி?"

முதலில் கேட்டது இஞ்ஞாசியம்மாளின் குரலேதான். 'நீ சொல்லுத வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்' என்று அந்தப் பக்கத்தில் யாரோ, பிந்திவருகிற நேரலையைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பொறுத்து ஜான்பீட்டரின் அதட்டல் வந்தது. அதற்கப்புறம் ஒரு மூச்சு. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ஏம்மா இப்பிடி நிக்க?" என்றது போன். "முழங்கால் வலிக்கும்லா."

முன்வரிசையில் ஜான்பீட்டர் வாயைத் திறந்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் ஒரு கேள்வி கேட்டார், சத்தமே வராமல்: "யாரு?"

அவள் லாரியின் மரப்படியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, மெல்ல அதன் மேல் உட்கார்ந்தாள்.

"இந்தா, உக்காந்துட்டேன்ட்டி. உக்காந்துட்டேன். நீ வச்சிராத. பேசாட்டாலும் பரவாயில்ல, வச்சிராத."